பதினேழு வருடம் ஒரு ஊரில் இருந்த டீம்

போன மாதம் பெண்ணுடைய பள்ளியில் பாஸ்கெட்பால் மேட்ச். நாக்பூர் வெயிலில் சிமெண்ட் படியில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். அவள் டீம் தோற்றுவிட்டது. ஸ்கூட்டரில் திரும்பும்போது பின்னால் இருந்து ஒரே புலம்பல். கோபம் எதிர் டீம் மேல் இல்லை, கடிகாரத்தின் மேல். கடைசி நிமிடத்தில் பந்து இவர்கள் கையில்தான் இருந்திருக்கிறது. நான்கைந்து முறை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்கள், கூடையை நோக்கி எறிவதற்குள் 24 நொடி முடிந்து ஊதிவிட்டார்கள். பந்து அந்தப் பக்கம் போய்விட்டது.

"அது ஏம்ப்பா 24? 25னு வெச்சா குடி முழுகிடுமா?"

எனக்குத் தெரியவில்லை. ஆனால் பேங்கில் இருபது வருடம் குப்பை கொட்டியவனுக்கு ஒரு எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் தூக்கம் வராது. அன்று ராத்திரி தேட ஆரம்பித்தது, ஒரு வாரம் இழுத்துக்கொண்டது. தேடப் போனது கடிகாரத்தை. கிடைத்தது ஒரு ஊர், அந்த ஊரில் இருந்த ஒரு டீம், பிறகு அந்த ஊரில் இல்லாமல் போன ஒரு டீம். வீட்டில் எல்லோரிடமும் சொல்லி அவர்களுக்கு அலுத்துவிட்டதால் இங்கே எழுதுகிறேன் :-)

ஊர் பெயர் சிராக்யூஸ். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம்தான், ஆனால் நியூயார்க் நகரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. வடக்கே தள்ளி, பனி கொட்டித் தீர்க்கும் ஊர். ஒரு காலத்தில் உப்புக் காய்ச்சிப் பிழைத்ததால் உப்பு நகரம் என்று பட்டப்பெயர். 1950 கணக்குப்படி மக்கள்தொகை சுமார் 2,20,000. நம் கணக்கில் பெரிய நகராட்சி அளவுதான்.

அந்த ஊரில் டேனி பியசோன் என்று ஒருவர். இத்தாலியில் 1909ல் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா வந்து சேர்ந்தவர். ஈஸ்ட்வுட் என்ற பகுதியில் பௌலிங் கூடம் நடத்திக்கொண்டிருந்தார். மரத்தரையில் கனமான பந்தை உருட்டி பத்துக் கட்டைகளைச் சாய்ப்பார்களே, அந்த விளையாட்டு. பெரிய முதலாளி எல்லாம் இல்லை. பக்கத்து ஊரான ராச்செஸ்டரில் ராயல்ஸ் என்று ஒரு பாஸ்கெட்பால் டீம் இருந்தது. அவர்களோடு தன் ஊர்ப் பையன்களை வைத்து ஒரு மேட்ச் நடத்தலாம் என்று பியசோன் கேட்க, அவர்கள் மதிக்கவில்லையாம். ரோஷம் வந்துவிட்டது. 1946ல் அப்போதிருந்த நேஷனல் பாஸ்கெட்பால் லீகுக்கு 5,000 டாலர் செக் அனுப்பி சொந்தமாகவே ஒரு டீமுக்கு உரிமை வாங்கிவிட்டார் என்பார்கள். டீம் பெயர் சிராக்யூஸ் நேஷனல்ஸ். ஊர்க்காரர்களுக்கு 'நாட்ஸ்'.

பிழைக்க வந்த ஊரில் ரோஷத்தோடு ஒரு விஷயத்தை ஆரம்பிப்பது என்ன என்று நமக்குத் தெரியும். வெளியூரில் தமிழ்ச் சங்கம் ஆரம்பித்தவர்கள் பாதிப் பேர் கதை இதுதான்.

1949ல் இரண்டு லீகுகள் ஒன்றாகி இன்றைய என்.பி.ஏ. ஆனது. முதல் சீசனில் 17 டீம். அதில் ஷெபாய்கன், ஆண்டர்சன், வாட்டர்லூ எல்லாம் உண்டு. ஷெபாய்கன் மக்கள்தொகை அப்போது நாற்பத்திரண்டாயிரம் சொச்சம். அந்த ஊருக்கு இன்றைய என்.பி.ஏ.வில் டீம் இருந்தது என்றால் நம்ப முடிகிறதா? ஒரே வருடம்தான். 1950ல் இந்த மூன்று ஊரும் வெளியே, 17 டீம் 11 ஆனது. சிராக்யூஸ் தாக்குப்பிடித்தது. அந்த முதல் சீசனில் 51 ஜெயித்து 13 மட்டும் தோற்று, இறுதிப் போட்டி வரை போய் மின்னியாபொலிஸ் லேக்கர்ஸிடம் விழுந்தது.

இனி கடிகாரம். அந்த நாளில் பந்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். முன்னணியில் இருக்கும் டீம் பந்தை எடுத்துக்கொண்டு சும்மா நிற்கும். 1950 நவம்பர் 22ஆம் தேதி ஃபோர்ட் வெயின் பிஸ்டன்ஸ், லேக்கர்ஸ் டீமை 19-18 என்று ஜெயித்தது. முழு மேட்சின் ஸ்கோர் அது! லேக்கர்ஸில் ஜார்ஜ் மைகான் என்ற ராட்சசன் இருந்தான், அவன் கையில் பந்து போகாமல் இருக்க பிஸ்டன்ஸ் பந்தை அடைகாத்தது. கடைசிக் கால் பகுதியில் இரண்டு டீமும் சேர்ந்து எடுத்தது மொத்தம் நான்கு பாயிண்ட். காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவன் என்ன பாடுபட்டிருப்பான்.

பந்தைப் பிடுங்க ஒரே வழி ஃபவுல். 1953 மார்ச்சில் சிராக்யூஸும் பாஸ்டனும் மோதிய பிளே-ஆஃப் மேட்ச் நான்கு முறை கூடுதல் நேரம் போனது. மொத்தம் 106 ஃபவுல். பாஸ்டனின் பாப் கூசி 50 பாயிண்ட் எடுத்தார், அதில் 30 வெறும் ஃப்ரீ த்ரோ. சிராக்யூஸ் 111-105 என்று தோற்றது. வயிற்றெரிச்சல் எப்படி இருந்திருக்கும் என்று பியசோன் இடத்தில் நின்று பாருங்கள்.

அவர் போட்ட கணக்கு இதுதான். பார்க்க நன்றாக இருந்த மேட்சுகளில் ஒரு டீம் சுமார் 60 முறை கூடையை நோக்கி எறிகிறது. இரண்டு டீமுக்கும் 120. மேட்ச் 48 நிமிடம், அதாவது 2,880 நொடி. 2,880ஐ 120ஆல் வகுத்தால் 24. அவ்வளவுதான். சாஸ்திரமும் இல்லை, ஆராய்ச்சியும் இல்லை. கடை வைத்திருப்பவன் போடும் மனக்கணக்கு. இந்தக் கணக்கில் அவருடைய ஜெனரல் மேனேஜர் லியோ ஃபெரிஸுக்குப் பெரிய பங்கு உண்டு, பௌலிங் கூடத்தில் உட்கார்ந்து காகிதக் கைக்குட்டையில் கிறுக்கிக்கொண்டிருப்பார் என்று அந்த ஊரின் பழைய விளையாட்டு நிருபர் ஒருவர் சொல்லியிருக்கிறார். ஃபெரிஸ் பெயரை யாரும் அதிகம் சொல்வதில்லை. கணக்குப் போட்டவன் ஒருவன், கையெழுத்துப் போட்டவன் பெயர் நிற்பது எல்லா ஆபீசிலும் உள்ளதுதானே.

(பெண்ணிடம் இதைச் சொன்னதும் உடனே மடக்கினாள். "எங்க மேட்ச் 40 நிமிஷம்தானேப்பா?" சரிதான். உலக அமைப்பு வெகுநாள் 30 நொடி வைத்திருந்தது, 2000ல்தான் 24க்கு மாறியது. அவர்கள் வகுத்துப் பார்க்கவில்லை, அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.)

1954 ஆகஸ்ட் 10ஆம் தேதி சிராக்யூஸில் ஒரு தொழிற்பள்ளியின் ஜிம்மில் மற்ற முதலாளிகளை உட்காரவைத்து, தன் ஆட்டக்காரர்களை விளையாடவிட்டுக் காட்டினார். அந்த சீசனிலேயே விதி வந்துவிட்டது. முந்தைய வருடம் ஒரு டீமின் சராசரி ஸ்கோர் 79.5. கடிகாரம் வந்த வருடம் 93.1. ஜனம் திரும்பி வந்தது. ஒன்பது டீமோடு ஆரம்பித்த அந்த சீசனில் பால்டிமோர் நடுவிலேயே மூடிக்கொண்டு எட்டாகிவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், லீக் எந்த நிலைமையில் இருந்தது என்று புரியும்.

அதே சீசனில் சிராக்யூஸ் சாம்பியன். எதிராளி, அந்த 19-18 புகழ் ஃபோர்ட் வெயின். இந்த இறுதிப் போட்டியில் ஒரு வேடிக்கை. ஃபோர்ட் வெயினின் சொந்த மைதானத்தை அந்தச் சமயம் வேறொரு போட்டிக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள், அதனால் அவர்கள் 'உள்ளூர்' மேட்சை எல்லாம் இண்டியானாபொலிஸ் போய் ஆட வேண்டியதாயிற்று. என்ன போட்டிக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? பௌலிங். பியசோனின் குலதெய்வம் கூடவே வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

ஏழாவது மேட்ச் 1955 ஏப்ரல் 10, சிராக்யூஸ் வார் மெமோரியல் அரங்கத்தில். ஒரு கட்டத்தில் 17 பாயிண்ட் பின்னால். மெல்ல மெல்ல ஏறி, கடைசி நொடிகளில் ஜார்ஜ் கிங் ஒரு ஃப்ரீ த்ரோ போட்டார், உடனே எதிராளி கையிலிருந்த பந்தையும் பறித்துவிட்டார். 92-91. அந்த டீமில் டால்ஃப் ஷேய்ஸ் இருந்தார், அந்தக் காலத்தின் மிகப் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவர். எர்ல் லாய்டும் ஜிம் டக்கரும் இருந்தார்கள். என்.பி.ஏ. பட்டம் வென்ற முதல் கறுப்பின ஆட்டக்காரர்கள் இந்த இருவரும்தான். லாய்டு அதற்கு முன் 1950ல் வாஷிங்டன் டீமுக்காக ஆடியபோதே என்.பி.ஏ. மேட்சில் இறங்கிய முதல் கறுப்பினத்தவர் ஆகியிருந்தார்.

சரி, இனிமேல்தான் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

ஆட்டம் பிழைத்தது, வளர்ந்தது. வளர்ந்ததும் பெரிய ஊர் கேட்டது. 1957ல் ஃபோர்ட் வெயின் டெட்ராய்ட்டுக்குப் போனது, ராச்செஸ்டர் சின்சினாட்டிக்குப் போனது. மின்னியாபொலிஸ் சின்ன ஊரே இல்லை, அதுவும் 1960ல் லாஸ் ஏஞ்சல்ஸ் போய்விட்டது. 1962ல் பிலடெல்பியாவின் வாரியர்ஸ் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிளம்ப, பிலடெல்பியா காலி. 1963ல் பியசோன் டீமை பிலடெல்பியாக்காரர்கள் இருவருக்கு விற்றார். விலை 5 லட்சம் டாலர். அங்கே போய் அதற்குச் செவன்டி சிக்சர்ஸ் என்று புதுப் பெயர். சிராக்யூஸில் இருந்தது 17 வருடம். என்.பி.ஏ.வில் ஆடிய 14 சீசனிலும் ஒரு தடவைகூட பிளே-ஆஃபுக்குத் தகுதி பெறாமல் போனதில்லை. ஆட்டத்தில் குறை வைத்து ஊரை இழக்கவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். ஒரு கட்சி, பியசோன் காசுக்காக ஊரை விற்றுவிட்டார் என்னும். இன்னொரு கட்சி, சந்தை அப்படி, சின்ன ஊருக்குப் பெரிய டீம் கட்டாது என்று முடித்துவிடும். பேங்கில் கடன் கணக்குகளைப் பார்த்துப் பழகிய எனக்கு இரண்டும் பாதிக் கணக்காகத்தான் தெரிகிறது.

பியசோன் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். பௌலிங் கூடத்து வருமானத்தை வைத்து பதினேழு வருடம் ஒரு டீமை நடத்திப் பாருங்கள், தெரியும். டிக்கெட் வசூல்தான் பிழைப்பு, அரங்கத்துக்கு இருக்கும் நாற்காலிக்கு மேல் ஒரு டிக்கெட்கூட விற்க முடியாது, எதிரில் நியூயார்க்கும் பாஸ்டனும். அவர் டீமை விற்றுவிட்டு ஓடிப்போகவுமில்லை. கடைசிவரை சிராக்யூஸிலேயே இருந்தார், 1992ல் இறந்தார். ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2000ல், எட்டு வருடம் கழித்து.

சின்ன ஊருக்குக் கட்டாது என்பதற்கு, எல்லோரும் சொல்லும் பதில் கிரீன் பே. வேறு விளையாட்டு, அமெரிக்கக் கால்பந்து. ஊர் சிராக்யூஸைவிடச் சின்னது, இன்றைக்கும் ஒரு லட்சத்துச் சொச்சம்தான். அந்த டீமின் பங்கு 1923 முதல் ஊர் ஜனத்திடம் இருக்கிறது. டிவிடெண்ட் கிடையாது, லாபத்துக்கு விற்க முடியாது, வெறும் காகிதம். அந்தக் காகிதத்தை இப்போது ஐந்து லட்சம் பேருக்கு மேல் வைத்திருக்கிறார்கள். காமர்ஸ் படித்தவனுக்கு இதைவிட மோசமான முதலீடு சொல்லவே முடியாது, ஆனால் அந்த டீமை யாரும் லாரியில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. ஆனால் நியாயமாகச் சொன்னால், கிரீன் பேயைக் காப்பாற்றியது பங்குப் பத்திரம் மட்டுமில்லை. 1960களின் தொடக்கத்திலிருந்து அந்த லீக் டி.வி. பணத்தை எல்லா டீமுக்கும் சமமாகப் பிரிக்கிறது. பாஸ்கெட்பாலுக்கு அப்போது அந்த அளவு டி.வி. பணமே கிடையாது. ஆகவே சிராக்யூஸ் ஜனங்கள் கையில் பங்கு இருந்திருந்தாலும் டீம் தங்கியிருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

டீம் போனது போகட்டும். எனக்கு ஆறாதது வேறு.

செவன்டி சிக்சர்ஸ் தன் சாம்பியன் பட்டங்களை எண்ணும்போது மூன்று சொல்கிறது. 1955, 1967, 1983. அந்த 1955ல் பிலடெல்பியாவில் இருந்தது வேறு டீம். அந்தப் பட்டத்தைப் பார்த்துக் கத்திய தொண்டை எல்லாம் சிராக்யூஸ் தொண்டை. 1967 இன்னும் கொடுமை. ஹால் கிரீர், லாரி காஸ்டெல்லோ, செட் வாக்கர் எல்லாம் சிராக்யூஸ் காலத்திலேயே டீமுக்கு வந்தவர்கள். அவர்கள் இறுதிப் போட்டியில் தோற்கடித்தது யாரை? சான் பிரான்சிஸ்கோ வாரியர்ஸை, அதாவது பழைய பிலடெல்பியா டீமை! சிராக்யூஸ் டீம் பிலடெல்பியா பெயரில், பிலடெல்பியா டீமை ஜெயித்தது. லெட்ஜரில் இப்படி ஒரு பதிவு இருந்தால் ஆடிட்டர் சும்மா விடுவாரா?

சொத்தை விற்றால் சொத்து கைமாறும். அதில் நடந்த கல்யாணங்களும் கைமாறுமா? நான் மூன்று வருடத்துக்கு ஒரு ஊர் மாறுகிறவன். எனக்குப் பதில் வருபவர் என் நாற்காலியை எடுத்துக்கொள்ளலாம், நான் அந்தக் கிளையில் போட்ட கடன்களை அவர் கணக்கில் எழுதிக்கொண்டால் சண்டைதான் வரும்.

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. 2008ல் சியாட்டிலின் சூப்பர்சானிக்ஸ் ஓக்லஹோமா சிட்டிக்குப் போனபோது பெயரும் நிறமும் சியாட்டிலுக்கு என்று ஒப்பந்தம் ஆனது. சார்லெட் நகரத்தின் ஹார்னெட்ஸ் 2002ல் நியூ ஆர்லியன்ஸ் போனது. 2014ல் பெயர் சார்லெட்டுக்குத் திரும்பியது, 1988 முதல் 2002 வரையான சரித்திரமும் கூடவே திரும்பியது. அதாவது என்.பி.ஏ.வே தன் புத்தகத்தில் ரெக்டிஃபிகேஷன் என்ட்ரி போட்டிருக்கிறது. ஒரு தடவை போட்டவர்கள் இன்னொரு தடவை போடலாம். 1955ஐ சிராக்யூஸ் பெயரில் எழுதுங்கள். வாங்கிக்கொள்ள அங்கே டீம் இல்லையே என்பார்கள். அதற்குத்தானே சஸ்பென்ஸ் அக்கவுண்ட் இருக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் வரிசைக்கு வெளியே சொல்லிவிடுகிறேன். கோடை லீவில் ஊருக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், பெரியகுளத்திலும் கரூரிலும் மே மாதம் அகில இந்திய பாஸ்கெட்பால் போட்டி நடக்கும். ஐ.ஓ.பி., கடற்படை, ராணுவம் எல்லாம் வந்து ஆடும். பல பத்து வருடமாக நடக்கிறது. அங்கே முதலாளி வைத்து நடத்தும் டீம் கிடையாது, விற்க ஒன்றும் இல்லை. கேலரியும் கூட்டமும் கோப்பையும்தான் ஊருடையது. அதனால்தான் அது இன்னும் அங்கேயே இருக்கிறது என்று தோன்றுகிறது. அந்தக் கூட்டத்தில் நின்று பார்த்திருந்தால், சிராக்யூஸ்காரனுக்கு என்ன போயிற்று என்று விளக்க வேண்டியதில்லை.

பெண்ணிடம் மொத்தக் கதையும் சொல்லி முடித்தேன். அவளுக்கு மைகானும் பியசோனும் அவ்வளவு பிடிக்கவில்லை, டக்கரையும் லாய்டையும் பிடித்திருந்தது. "இப்போ அந்த ஊர்ல பாஸ்கெட்பாலே இல்லையா?" என்றாள். இருக்கிறது, பல்கலைக்கழக டீம். முப்பதாயிரம் பேருக்கு மேல்கூடக் கூட்டம் வந்திருக்கிறது, 2003ல் கல்லூரிகளுக்கான தேசியப் பட்டம் வாங்கினார்கள். ஷேய்ஸின் பையனும் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆடியவர்தான். பல்கலைக்கழகத்தை யாரும் விலைக்குக் கேட்க முடியாது.

அப்புறம், ஊர் நடுவில் ஆர்மரி ஸ்குவேர் என்ற இடத்தில் 2005ல் ஒரு 24 நொடிக் கடிகாரத்தை நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள். படத்தைக் காட்டினேன். "அதுலயும் 24தானா" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு பந்தை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். வியாழக்கிழமை அடுத்த மேட்ச்.